உடலளவும் உயிரியலும்: கல்வராயன் மலைச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

உயிரினங்களின் உடலளவு அவற்றின் தோற்றத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. உண்ணும் உணவு, இழக்கும் வெப்பம், இதயத் துடிப்பு, எலும்பின் பருமன், நஞ்சையும் மருந்தையும் தாங்கும் திறன் ஆகிய யாவும் உடலளவைச் சார்ந்து மாறுகின்றன. அம்மாற்றம் எடைக்கு நேர்விகிதத்தில் நிகழ்வதில்லை என்பதே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் கல்வராயன் மலையிலும் காணப்படும் தேனீக்கள், சாமைப்பயிர், கால்நடை ஆகியவற்றையும், அரியலூர்ப் பகுதியில் கிடைத்த தொல்லுயிர் எச்சத்தையும் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை இக்கட்டுரை விளக்குகிறது. சிறிய உடலைப் பெரிய உடலின் சுருங்கிய படியாகக் கருதும் பிழை, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பிலும் மருத்துவத்திலும் உயிருக்கே ஊறு விளைவிக்கும் என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உடலளவு, புறப்பரப்பு, கனஅளவு, வளர்சிதைமாற்றம், கல்வராயன் மலை, சாமை, மலைத்தேனீ, பச்சிளங்குழந்தை.

1. முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை, பச்சைமலை, சவ்வாது மலை, சேர்வராயன் மலை ஆகியவற்றுடன் சேர்த்து எண்ணப்படுவது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இருபெரும் பகுதிகளாக வழங்கப்படும் இம்மலை, பொதுவாக 2000 அடி முதல் 3000 அடி வரை உயரமுடையது. அடிவாரத்தில் புதர்க்காடும், நடுப்பகுதியில் இலையுதிர்காடும், உயரமான மேட்டுநிலங்களில் சோலைகளும் புல்வெளியும் அமைந்துள்ளன. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கெல்லையாக இம்மலை விளங்குகிறது. மலையாளிப் பழங்குடியினர் இங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர்.

இம்மலையில் ஓர் எறும்பு உயர்ந்த மரத்தின் கிளையிலிருந்து பாறைமேல் விழுந்தால், ஊறின்றி எழுந்து நடந்து செல்லும். அதே உயரத்திலிருந்து விழும் மனிதன் பிழைப்பது அரிது. எறும்பின் உடல் மனித உடலைவிட உறுதியான பொருளால் ஆனது என்பது இதற்குக் காரணமன்று. எடையோடு ஒப்பிடுகையில் எறும்பின் புறப்பரப்பு மிகுதி. எனவே காற்றின் தடை அதனை மெல்ல இறக்கிவிடுகிறது. இத்தகைய வேறுபாடுகளை உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில் பொதுமக்களுக்கு விளக்கினார். பிற்காலத்தில், 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்த அவர், 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். ஒவ்வொரு விலங்குக்கும் பொருந்திய அளவு ஒன்றுண்டு என்பதும், அளவு மாறினால் அமைப்பும் மாறியே தீரும் என்பதும் அவர் வலியுறுத்திய கருத்தாகும்.

2. புறப்பரப்பும் கனஅளவும்

உடலளவு பற்றிய விதிகளுக்கெல்லாம் அடிப்படை எளிய வடிவியலே. கரும்பு விளையும் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் அனைவரும் அறிந்த வெல்லக்கட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனசதுர வெல்லக்கட்டி ஒன்றின் புறப்பரப்பு 600 சதுர செ.மீ. அதனை 1 செ.மீ. பக்கமுள்ள 1000 துண்டுகளாக்கினால் வெல்லத்தின் மொத்த அளவு மாறாது. ஆனால் புறப்பரப்பு 6000 சதுர செ.மீ. ஆகிவிடும். நீரில் உடைத்த வெல்லம் விரைந்து கரைவதும் முழுக்கட்டி நெடுநேரம் கிடப்பதும் இதனாலேயே.

உயிருடலுக்கும் இக்கணக்கு பொருந்தும். வடிவம் மாறாமல் நீளம் இருமடங்கானால் புறப்பரப்பு நான்கு மடங்காகவும், கனஅளவும் எடையும் எட்டு மடங்காகவும் பெருகும். வெப்பம் வெளியேறுவதும் நீர் ஆவியாவதும் தோலின் வழியாகவே நிகழ்கின்றன. மூச்சுக்காற்றும் உணவும் உட்செல்வது நுரையீரல், குடல் ஆகியவற்றின் பரப்பின் வழியாகவே. ஆனால் ஊட்டப்பட வேண்டிய திசுக்களோ கனஅளவைச் சார்ந்தவை. ஆகவே உடல் பெரிதாகும்தோறும் வரவு வழி குறுகிச் செலவு பெருகுகிறது. பெரிய விலங்குகளில் நுரையீரல் கோடிக்கணக்கான நுண்ணறைகளாகப் பிரிந்திருப்பதும் குடல் மடிந்து நீண்டிருப்பதும் இக்குறையை ஈடுசெய்யும் ஏற்பாடுகள். மிகச் சிறிய உயிர்களுக்கு இவ்வேற்பாடுகள் தேவைப்படுவதில்லை.

3. தேனீக்களின் நான்கு அளவுகள்

கல்வராயன் மலைத்தேன் சமவெளிச் சந்தைகளில் பெயர் பெற்றது. தென்னிந்தியக் காடுகளில் தேன் சேர்க்கும் முதன்மை இனங்கள் நான்கு. செங்குத்துப் பாறைகளிலும் நெடுமரங்களிலும் ஒற்றை அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீ, மரப்பொந்துகளில் பல அடைகளைக் கட்டும் அடுக்குத் தேனீ, புதர்க்கிளையில் சிறு அடை கட்டும் கொம்புத் தேனீ, சுவர் இடுக்குகளிலும் மரத்துளைகளிலும் வாழும் கொட்டாத கொசுத்தேனீ ஆகியன அவை. மலைத்தேனீயின் வேலைக்காரத் தேனீ ஏறத்தாழ 17 மி.மீ. நீளமுடையது, கொசுத்தேனீயோ 4 மி.மீ. அளவினது. நீளத்தில் வேறுபாடு நான்கு மடங்கே. எனினும் வடிவம் ஒத்ததாகக் கொண்டால், உடற்பருமனில் அது அறுபது மடங்கைத் தாண்டும்.

இவ்வேறுபாடு அவற்றின் வாழ்க்கை முறையையே வேறாக்கிவிடுகிறது. பெரிய உடலில் எரிபொருளாகிய தேனை மிகுதியாகச் சுமக்க முடியும். தசையில் பிறக்கும் வெப்பமும் விரைந்து வெளியேறாது. எனவே மலைத்தேனீ கிலோமீட்டர் கணக்கில் பறந்து உணவு தேடுகிறது. அதன் பெரிய கண்கள் மிகுதியான ஒளியை ஏற்பதால் நிலவொளி மிக்க இரவுகளிலும் அது மலர்களை நாடிச் செல்லும். கொசுத்தேனீயின் பறப்பெல்லை பெரும்பாலும் சில நூறு மீட்டர்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் மலைத்தேனீ நுழைய முடியாத சிறு பூக்களுக்குள் அது எளிதில் புகுந்து மகரந்தம் சேர்க்கிறது.

காடு துண்டுபடும்போது இரண்டும் ஒரே வகையில் பாதிக்கப்படுவதில்லை. நெடுமரங்கள் வெட்டப்பட்டால் மலைத்தேனீ கூடமைக்கும் இடத்தை இழக்கிறது. தொலைவிலுள்ள மலர்களை அதனால் தேடிக்கொள்ள முடியும். கொசுத்தேனீக்குச் சிறு துளையே வீடாகப் போதும். ஆனால் அருகிலுள்ள பூச்செடிகள் அழிந்தால் அது பட்டினி கிடக்கும். ஆகவே தேனீப் பாதுகாப்பு என்பது பாறையையும் பெருமரத்தையும் காப்பதோடு, வயல் வரப்பிலுள்ள சிறு செடியையும் காப்பதாக அமைதல் வேண்டும்.

4. சாமை மணியின் வடிவியல்

மலையாளி மக்களின் மரபுப் பயிர்களுள் சாமை முதன்மையானது. நெல்மணியோடு ஒப்பிடுகையில் சாமை மணியின் எடை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. வெல்லக்கட்டிக்குக் கூறிய கணக்கின்படி, ஒரு படி சாமையிலுள்ள மணிகளின் மொத்தப் புறப்பரப்பு, ஒரு படி நெல்லின் புறப்பரப்பைப் போல் ஏறத்தாழ இருமடங்காகும். உமியும் தவிடும் மணியின் புறப்பரப்பைப் போர்த்தியிருப்பவை. ஆகவே மணி சிறுத்தால், அரிசிக்கும் உமிக்கும் உள்ள விகிதம் உமியின் பக்கம் சாயும்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் தோன்றுகின்றன. முதலாவது, சாமையை உரலிலிட்டுக் குத்துவது நெல்லைக் குத்துவதைவிடக் கடினமானது. அவ்வுழைப்பு காலங்காலமாகப் பெண்களின் தோளிலேயே இருந்துவந்தது. இரண்டாவது, நெல்லுக்கென அமைந்த ஆலைகளில் சிறுமணிகள் உடைபடுகின்றன அல்லது உமி நீங்காமல் வெளிவருகின்றன. உமி நீக்கும் வசதியின்மை சிறுதானியச் சாகுபடி குறைந்ததற்குரிய காரணங்களுள் ஒன்றாகும். அருகிலுள்ள கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானிய உமி நீக்கும் எந்திரங்களைச் சிற்றூர்களில் அறிமுகப்படுத்தியது இத்தடையை நீக்கும் பொருட்டேயாகும். மூன்றாவது, நார்ச்சத்தும் தாதுச்சத்தும் மிகுதியாகத் தவிட்டில் அடங்கியிருப்பதால், சாமையை வெண்மையாகத் தீட்டும்போது இழக்கப்படும் சத்தின் பங்கும் பெரிது. 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த பின்னர்ச் சந்தையில் பெருகியுள்ள பளபளப்பான சாமையரிசியை வாங்குவோர் இதனைக் கருதுதல் தகும்.

5. பசுவும் வெள்ளாடும்: உணவுக் கணக்கு

உடல் எடைக்கும் ஆற்றல் செலவுக்கும் உள்ள தொடர்பை 1883இல் மாக்சு ரூப்னர் நாய்களைக் கொண்டு ஆராய்ந்து, அது புறப்பரப்பைச் சார்ந்தது என்றார். 1932இல் மாக்சு கிளைபர் பல்வகை விலங்குகளை ஒப்பிட்டு, ஓய்வு நிலை ஆற்றல் செலவு எடையின் முக்கால் அடுக்கிற்கு ஏற்பப் பெருகுகிறது எனக் கண்டார். இவ்வடுக்கு முக்காலா, மூன்றில் இரண்டா என்னும் விவாதம் இன்னும் முடிவுறவில்லை. எனினும் அது ஒன்றைவிடக் குறைவு என்பதில் கருத்து வேறுபாடில்லை.

கிளைபரின் விதிப்படி எடை 16 மடங்கானால் ஆற்றல் தேவை 8 மடங்கே ஆகும். 400 கிலோ எடையுள்ள பசு ஒன்று, 25 கிலோ எடையுள்ள 16 வெள்ளாடுகளுக்குச் சமமான எடையுடையது. ஆனால் ஓய்வில் அது செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 8 வெள்ளாடுகளுக்கு உரியதே. கிலோ ஒன்றுக்குக் கணக்கிட்டால் வெள்ளாட்டின் தேவை இருமடங்கு. அதன் குடலறையோ சிறிது. உணவு அதில் நெடுநேரம் தங்காது. எனவே வெள்ளாடு சத்து மிக்க தளிரையும் காயையும் தேர்ந்து கடிக்கிறது. பசு தன் பெரிய இரைப்பையில் வைக்கோலையும் முற்றிய புல்லையும் நெடுநேரம் நொதிக்கவைத்துச் செரிக்கிறது. வெள்ளாட்டின் கடியைப் பிடிவாதக் குணமாகக் கருதுவர். அது உடலளவு விதித்த தேவையாகும். மலைமேய்ச்சலின் தாங்குதிறனைத் தலை எண்ணிக்கையாலோ எடையாலோ மட்டும் கணக்கிடுவது தவறான முடிவையே தரும்.

சிறிய உடல் விரைந்து எரிகிறது. ஆகவே விரைந்து துடிக்கவும் வேண்டும். யானையின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 முறையும், மனித இதயம் 70 முறையும், சுண்டெலியின் இதயம் ஏறத்தாழ 600 முறையும் துடிக்கின்றன. சுண்டெலி ஒருசில ஆண்டுகளில் மடிவதும் யானை அறுபது ஆண்டுகளைக் கடப்பதும் இவ்வேகத்தோடு தொடர்புடையன என்பர்.

6. பேருடலின் எல்லை: கல்லமேட்டுச் சான்று

உடல் எவ்வளவு பெரிதாக வளர இயலும் என்னும் வினாவுக்குத் தமிழ்நாடே ஓர் அரிய சான்றை அளித்துள்ளது. கள்ளக்குறிச்சிக்குத் தெற்கே, அரியலூர் வட்டாரத்தில் உள்ள கல்லமேடு படிவுகளில், கிரெட்டேசியக் காலத்தின் இறுதியைச் சேர்ந்த, ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகள் தொன்மையான பேரெலும்புகள் கிடைத்தன. நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் அவ்விலங்குக்குப் பேருடலுடைய பல்லி என்னும் பொருளில் புருகத்காயோசாரசு எனப் பெயரிட்டனர். முதலில் ஊனுண்ணி இனமாகக் கருதப்பட்ட அது, பின்னர் நெடுங்கழுத்துடைய தாவர உண்ணியாக அறியப்பட்டது. அதன் கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர் நீளமுடையதாகக் குறிக்கப்பட்டுள்ளது. எடை 100 டன்னுக்கு மேற்பட்டிருக்கலாம் என அண்மைக்கால மதிப்பீடுகள் கூறுகின்றன.

எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. நீளம் பத்து மடங்கானால் குறுக்குவெட்டு நூறு மடங்கும் எடை ஆயிரம் மடங்கும் பெருகும். எலும்பின் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பும் பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். பெரிய விலங்கின் எலும்பு நீளத்தைவிடப் பருமனில் மிகுதியாக வளர வேண்டும் என்பதைக் கலிலியோ 1638இலேயே எடுத்துக்காட்டினார். நீலத்திமிங்கிலத்தின் உடலை நீர் தாங்குகிறது. கல்லமேட்டு விலங்கின் உடலையோ கால்களே தாங்கின. தரைவாழ் உயிரின் மேல் எல்லையை அறிய அவ்வெலும்புகள் முதன்மைச் சான்றாக இருந்திருக்கும். ஆயின் நொய்ந்த நிலையிலிருந்த அவை உதிர்ந்து அழிந்துபோயின. இன்று வரைபடங்களும் சில நிழற்படங்களுமே எஞ்சியுள்ளன.

7. பச்சிளங்குழந்தை: சிறு உடலின் இடர்

பேருடலுக்கு எடையைத் தாங்குவது இடர் என்றால், சிறு உடலுக்கு வெப்பத்தையும் நீரையும் காத்துக்கொள்வதே இடர். கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறையும். இதனால் மார்கழி, தை மாத இரவுகளில் கல்வராயன் மேட்டுநிலச் சிற்றூர்கள் சமவெளியைவிடக் குளிர்ந்திருக்கும். அக்குளிர் பெரியோர்க்கு ஒரு போர்வையோடு தீரும். பச்சிளங்குழந்தைக்கு அவ்வாறன்று.

70 கிலோ எடையுள்ளவரின் தோற்பரப்பு ஏறத்தாழ 1.8 சதுர மீட்டர். 3 கிலோ எடையுடன் பிறந்த குழந்தையின் தோற்பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். கிலோ ஒன்றுக்குக் கணக்கிட்டால் குழந்தை வெப்பத்தை இழக்கும் பரப்பு இரண்டரை மடங்குக்கும் மிகுதி. பிறப்பெடை 2.5 கிலோவுக்குக் குறைந்தால் இவ்விகிதம் மேலும் உயர்வதோடு, வெப்பந்தரும் கொழுப்பும் குறைவாகவே இருக்கும். நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறனும் பச்சிளங்குழந்தைக்குப் போதிய அளவில் இல்லை. குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படுமாறு அணைத்துவைக்கும் கங்காரு தாய்ப் பராமரிப்பு, 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கி உலகெங்கும் பரவியது. தாயின் பேருடலோடு சேரும்போது குழந்தையின் தனித்த புறப்பரப்பு குறைகிறது. இரண்டு வெல்லத்துண்டுகள் ஒட்டி ஒரு கட்டியாவதை ஒத்தது இது. மலைப்பாதை வழியாகச் சமவெளி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் குழந்தைக்குப் பயணத்தின்போதே செய்யத்தக்க, செலவற்ற பாதுகாப்பு இது. 2022 சனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி இம்மாவட்டத்திற்கு உயர்சிகிச்சையை அண்மையாக்கியிருப்பினும், அங்குச் சேரும்வரை குழந்தையின் வெப்பத்தைக் காப்பவள் தாயே.

நீர்த் தேவையிலும் இவ்விதியே செயற்படுகிறது. குழந்தை மருத்துவத்தில் இன்றும் வழங்கும் ஒரு கணக்கை ஹாலிடே, செகர் என்னும் இருவர் 1957இல் வகுத்தனர். அதன்படி முதல் 10 கிலோ வரை கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50 மி.லி., அதற்குமேல் 20 மி.லி. என நாள் தேவை அமையும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு லிட்டரும் 70 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டரை லிட்டரும் வேண்டும். எடை ஏழு மடங்கு. தேவை இரண்டரை மடங்கே. பெரியவர் ஒருநாள் வயிற்றுப்போக்கைத் தாங்கிக்கொள்ளும்போது, குழந்தை சில மணி நேரத்திலேயே வாடிவிடுவதன் காரணம் இதிலிருந்து விளங்கும். உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவதும் இதனாலேயே.

8. நஞ்சும் மருந்தும்

எடைக்கேற்ப மருந்தைப் பெருக்கினால் போதும் என்னும் எண்ணம் பிழையாகலாம் என்பதற்கு 1962இல் அமெரிக்காவின் ஒக்லகோமா நகரில் நிகழ்ந்தது சான்றாகும். பூனைக்குக் கொடுத்த அளவை எடைவிகிதத்தில் பெருக்கி, ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள ஓர் யானைக்கு 297 மி.கி. எல்.எஸ்.டி. செலுத்தப்பட்டது. சில நிமிடங்களில் யானை சரிந்து, பின்னர் இறந்தது. அதனை மீட்கச் செலுத்தப்பட்ட மருந்துகளும் காரணமாகலாம் என்ற விவாதம் உண்டு. ஆயினும் கிலோ ஒன்றுக்குரிய வளர்சிதைமாற்றம் பூனையைவிட யானைக்கு மிகக் குறைவு என்பது கருதப்படாமற் போனது.

பாம்புக்கடியிலோ வேறொரு கணக்கு செயற்படுகிறது. நாகமோ கண்ணாடி விரியனோ கடிக்கும்போது, எதிரே இருப்பது குழந்தையா பெரியவரா என்று பார்த்து நஞ்சை அளந்து செலுத்துவதில்லை. ஒரே அளவு நஞ்சு சிறிய உடலில் செறிந்து கலப்பதால் குழந்தைக்கு ஆபத்து மிகுதி. நச்சுமுறிமருந்து முறிக்க வேண்டியது நஞ்சையே ஆதலால், குழந்தைக்கும் பெரியவர்க்குரிய அளவே கொடுக்கப்பட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுநெறி. குழந்தைதானே என எண்ணி அளவைக் குறைப்பது உயிரிழப்புக்கு வழிவகுக்கும். இம்மருந்து செய்யத் தேவையான நஞ்சினை வழங்குவதில், 1978இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது.

9. அளவு விதியின் வரம்பு

உடலளவு பலவற்றை விளக்கினும் அனைத்தையும் விளக்கிவிடாது. சுண்டெலியை ஒத்த எடையுள்ள வௌவால் அதனைவிடப் பன்மடங்கு நீண்ட ஆயுளுடையது. ஒரே எடையுள்ள பறவையும் பாலூட்டியும் ஒரே காலம் வாழ்வதில்லை. உடலின் வேதியியல் இனத்துக்கு இனம் வேறுபடுவதே இதற்குக் காரணம்.

2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறுகிறது. எலியின் கல்லீரல் அவ்வமிலத்தை விரைந்து சிதைத்துவிடும். மனிதக் கல்லீரலில் அது மெதுவாகவே சிதைவதால் தேங்கி, பார்வை நரம்பையும் உயிரையும் பறிக்கிறது. இங்கு எலியின் எடையை மனித எடையாகப் பெருக்கிப் பார்க்கும் எந்தக் கணக்கும் உதவாது. அளவு விதியை எங்குப் பயன்படுத்துவது என்பதோடு, எங்குப் பயன்படுத்தலாகாது என்பதையும் அறிதல் வேண்டும்.

10. முடிவுரை

நீளம், பரப்பு, கனஅளவு ஆகிய மூன்றும் வெவ்வேறு வேகத்தில் மாறுகின்றன என்னும் ஒரே உண்மையிலிருந்து, கொசுத்தேனீயின் பறப்பெல்லையும் சாமையின் உமியும் வெள்ளாட்டின் மேய்ச்சலும் கல்லமேட்டு எலும்பின் பருமனும் விளக்கம் பெறுகின்றன. சிறிய உடல் பெரிய உடலின் குறுகிய வடிவமன்று. அது தனக்கேயுரிய தேவைகளும் இடர்களும் உடைய வேறோர் அமைப்பு. குளிரில் குழந்தைக்குப் பெரியவரைவிட மிகுதியான காப்பு வேண்டும்; உணவும் நீரும் கிலோ ஒன்றுக்கு மிகுதியாக வேண்டும்; பாம்புக்கடியில் பெரியவர்க்கு நிகரான மருந்து வேண்டும். மூன்று இடங்களிலும் சிறியதற்குச் சிறிதளவு போதும் என்னும் இயல்பான எண்ணம் பிழையாகிறது. இவ்வறிவு பள்ளிப் பாடத்தோடு நின்றுவிடாமல், மலைச்சிற்றூரின் பேறுகாலப் பராமரிப்பிலும் மேய்ச்சல் திட்டத்திலும் தானிய ஆலையிலும் இடம்பெறும்போதே முழுப்பயன் தரும்.